மெஷின் அனுப்பிய காலை வணக்கம்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமையாவது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று டீச்சர் நினைத்தது தப்பு.

மேஜை முழுக்க ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முன்பக்கம் முழுக்கத் திருகுகள், உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோதே அது கிழப் பெட்டி. அன்றிலிருந்து அதற்கு ஏதாவது ஒரு பாகம் மாறிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

போன வாரம் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்ததும், "கண்டன்சர் காய்ஞ்சு போச்சு, மாத்தித் தரேன்" என்று டீச்சரின் தம்பி அதை வேனில் ஏற்றிக்கொண்டு போனதும் நினைவிருக்கும். வியாழக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். போனது ஒரு பெட்டி. வந்தது பெட்டியும் அதன் பரிவாரமும். கண்டன்சரோடு நிறுத்திக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. புது மூணு பின் வயர், புது ப்யூஸ், அலைவரிசையைப் பச்சை எண்களில் காட்டும் சின்ன ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கீபோர்டு. எழுத்தைத் தட்டினால் போதும், பெட்டி தானாகவே அதைப் புள்ளியும் கோடுமாக, மோர்ஸில், ஒரு பிசிறு இல்லாமல் அனுப்பிவிடும்.

இத்தனை நாள் அந்தப் புள்ளியையும் கோட்டையும் தட்டிக்கொண்டிருந்த பித்தளைக் கட்டை இப்போது அலமாரியில், பழைய பனியனில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"வரலையா?" என்று டீச்சர் காபி டம்ளரை வயர்களுக்கு நடுவே இடம் பார்த்து வைத்தாள்.

காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த அவள் கணவர் ஒரு திருகை மெல்லத் திருப்பினார். லிஃப்ட் கம்பெனியில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். அவளுக்கும் பெயர் அப்படி வந்ததுதான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

"ஏங்க, உங்களைத்தான். வரலையான்னு கேட்டேன்."

"உஸ்ஸ்."

"என்ன உஸ்? மூணு நாளா உஸ் உஸ்ஸுனு உக்காந்திருக்கீங்க. குக்கரே தேவலை, அது மூணு விசிலோட நிறுத்திடும்."

லிஃப்ட்காரர் இடது கை ஆட்காட்டி விரலால் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். ஸ்பீக்கரில் மோர்ஸ் கிளம்பியது. சீராக, சுத்தமாக, எண்ணெய் போட்ட தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. முடிந்ததும் காத்திருந்தார். கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது.

"இல்லை" என்றார் கடைசியில்.

அந்த ஒரு வார்த்தைக்குள் அவருடைய ஒரு நாள் அடக்கம் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் ஏறியது.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே பெண் கடலுக்கு நடுவே ஒரு தீவில், வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காற்றை அளந்து, மழையை அளந்து, பலூன் விட்டு, அதையெல்லாம் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லுகிற வேலை. மாதத்துக்கு ஒரு படகு. அங்கே இருக்கிற போனில் வீட்டுக்குப் பேச புதன்கிழமை ஒரு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் அம்மாவோடுதான். அப்பாவோடு பேசுவதில்லை என்று அவள் சபதம் போட்டு மாதக்கணக்காகிறது.

சபதத்தில் தப்பும் சொல்ல முடியாது. பெண் அங்கே தனியாகக் கிடக்கிறாளே என்று இந்த மனுஷர் யாரையும் கேட்காமல் தலைமை அலுவலகத்தில் இருக்கிற அவளுடைய மேலதிகாரிக்கே போன் போட்டு, "என் பொண்ணை ஊர்ப்பக்கம் மாத்திக் குடுங்க" என்று கெஞ்சியிருந்தார். தீவைப் பார்வையிட வந்தபோது, பலூனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவளிடம் போய், "உங்கப்பா பேசினார்மா" என்று அந்த அதிகாரி சிரித்தாராம். பெண்ணுக்கு அவமானத்தில் முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "என் வேலையில இனிமே கை வச்சீங்கன்னா நான் உங்க பொண்ணே இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தவள்தான்.

ஆனால் அப்பா, பெண், மாமா மூன்று பேருக்கும், சொந்த ரேடியோவிலிருந்தே ஊர் ஊராகச் செய்தி அனுப்பிப் பேசுகிற ஹாம் ரேடியோ பைத்தியம். மூன்று பேரிடமும் லைசென்ஸ் உண்டு. தினமும் காலை ஆறரைக்கு லிஃப்ட்காரர் தீவைப் பார்த்து மோர்ஸில் ஒரு காலை வணக்கம் தட்டுவார். இங்கே வெயில், அம்மா நலம், கொடிக் கம்பி அறுந்தது, இப்படி இரண்டு வரி. பெண் பதிலுக்கு ஒரு எழுத்துகூட அனுப்ப மாட்டாள். கடைசியில் மட்டும் இரண்டு புள்ளி வைப்பாள். டிட், டிட். ரேடியோக்காரர்கள் பேச்சை முடிக்கும்போது வைக்கிற வழக்கமாம் அது. 'கேட்டுச்சு, சரி' என்று அர்த்தம்.

பெற்ற பெண் அப்பனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு புள்ளி! அதை வைத்துக்கொண்டு இவர் சிரித்துக்கொண்டே பல் தேய்ப்பார். நேரே பேசித் தொலைப்பதற்கு இரண்டு பேருக்கும் என்ன கேடு என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

இப்போது பெட்டி ரிப்பேராகித் திரும்பி வந்தும் அந்த இரண்டு புள்ளி வரவில்லை. இன்றோடு மூன்று நாள்.

"எல்லாம் அவனால வந்தது" என்று டீச்சர் போனை எடுத்தாள். "அவனை வரச் சொல்றேன். பெட்டியைப் பழைய மாதிரி ஆக்கிக் குடுத்துட்டுப் போகட்டும்."

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, வலது கையை சட்டைப் பைக்குள்... பைக்குள் என்ன, அவர் சட்டையே போடவில்லை. கொஞ்ச நாளாக டீஷர்ட்தான். கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தம்பி வந்து சேர்ந்தபோது மணி எட்டு. ஆபீஸ்களில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். எந்த மெஷினைப் பார்த்தாலும் அதைவிட நல்ல மெஷினாக ஆக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, காபி" என்றான்.

"காபி கிடையாது. என்னடா பண்ணி வச்சிருக்க இந்தப் பெட்டியை?"

"என்ன பண்ணேன்? அக்கா, இது போன தலைமுறை மெஷின். கண்டன்சர் எல்லாம் உப்பிப்போய் வெடிக்கிற நிலைமையில இருந்துச்சு. ஒவ்வொண்ணா மாத்தி, நேரே கரன்ட் குடுத்தா தாங்காதுன்னு நடுவுல நூறு வாட்ஸ் பல்பைப் போட்டு, பல்பு எரியுதா அணையுதான்னு பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா எழுப்பியிருக்கேன். ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு பக்குவமா பார்க்க மாட்டாங்க."

"அதுக்கு நன்றி. கீபோர்டு எதுக்கு?"

தம்பி லிஃப்ட்காரரைப் பார்த்தான். லிஃப்ட்காரர் கொடிக் கம்பியைப் பார்த்தார்.

"ஒரு வசதிக்குத்தான்" என்றான் தம்பி.

"யார் கேட்டா வசதியை? உங்கத்தான் கேட்டாரா?"

"நான் ஏன் கேக்கறேன்?" என்று லிஃப்ட்காரர் அவசரமாகத் திரும்பினார். "மாப்ளைதான் மேதாவித்தனமா மாட்டிட்டார். நான் அப்பவே வேண்டாம்னேன்."

"ஆமாமா, அத்தான் வேண்டாம்னார்தான்" என்றான் தம்பி. "நான்தான் கேக்கலை."

"பழசோட அருமை தெரியாத ஆளு."

"பழசைக் கட்டிக்கிட்டு அழறவர்."

இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். ஆனால் திட்டில் காரம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் தம்பி ஒரே ஒரு திருகை, அதுவும் உடைந்த திருகை, மாற்றிவிட்டான் என்பதற்காக இதே லிஃப்ட்காரர் ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவர். இன்றைக்குக் கீபோர்டையே மாட்டியிருக்கிறான், மனுஷர் 'மேதாவி' என்பதோடு விட்டுவிட்டார். டீச்சருக்கு அது எங்கேயோ இடித்தது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. ஒன்பது மணிக்கு வகுப்பு.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லைன்னா நான் பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சிடுவேன். ரெண்டு ஆள் வேணுமேன்னு பார்க்காதீங்க, எனக்கு வர்ற கோபத்துக்கு நான் ஒருத்தியே போதும்."

இன்றைய மாணவர் ஒரு பேங்க் கேஷியர். நாற்பது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொள்ள வந்தவர். ரொம்ப நல்ல மனிதர். ஸ்டியரிங்கை மட்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் பிடிப்பார்.

"சார், கொஞ்சம் தளர்த்துங்க."

"தளர்த்தித்தான் பிடிச்சிருக்கேன் டீச்சர்."

"விரல் எல்லாம் வெளுத்துப்போயிருக்கு."

"அப்படிப் பிடிச்சாத்தான் கை ஆடாம இருக்கு."

"கை ஆடறது தப்பில்லை சார். ஆடறதை மறைக்கறீங்க பாருங்க, அதுதான் தப்பு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைப்பீங்க, நானும் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு உங்களை மெயின் ரோட்டுல விட்டுடுவேன்."

இதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். மனப்பாடம். வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

டீஷர்ட்.

பொத்தான் போடுகிற சட்டையை அவர் எப்போது விட்டார்? டம்ளரை முக்கால் வாசிக்கு மேல் நிரப்பாதே என்று எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்? வலது கை எந்த நேரம் பார்த்தாலும் பாக்கெட்டில், இல்லாவிட்டால் இடது அக்குளுக்கு அடியில். கீபோர்டைத் தட்டினது இடது கை. அவர் இடது கைக்காரர் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன புதன்கிழமை போனில் பெண், "அம்மா, அப்பா கைக்கு ஏதாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். "கைக்கென்னடி, நல்லாத்தான் இருக்கு. எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா" என்று இவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தெரிந்தது, ஒரே மேஜையில் சாப்பிடுகிறவளுக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"சார், ஓரமா நிறுத்துங்க. இன்னிக்கு இது போதும்."

வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட்காரர் மாடியில் ஏரியல் கம்பியைச் சரி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தம்பி சோபாவில் படுத்துக் கிடந்தான். டீச்சர் அவன் காலைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"என்னக்கா எத்தனை நாளா?"

"நடிக்காதே. சின்ன வயசுலயே உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும். இப்பவும் சிவக்குது. உங்கத்தான் கை எத்தனை நாளா நடுங்குது?"

தம்பி எழுந்து உட்கார்ந்தான். காதைத் தடவிக்கொண்டான்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றான் மெதுவாக. "மோர்ஸ் தட்டறதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை இருக்குக்கா. கையெழுத்து மாதிரி. பேரைச் சொல்ல வேண்டாம், நாலு எழுத்து கேட்டாலே இன்னாருன்னு சொல்லிடலாம். அத்தான் கை அவ்வளவு அழகு. கொஞ்ச நாளா புள்ளி வைக்க வேண்டிய இடத்துல ரெண்டு மூணு புள்ளி விழுது, கோடு உடைஞ்சு போகுது. எனக்குத் தெரிஞ்சது. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்னு அத்தானுக்கு பயம்."

"அதனால?"

"அதனால... பெட்டி புகைஞ்சதும் அத்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டார். 'மாப்ளே, எப்படியும் பெட்டி உன்கிட்ட வருது. மெஷினே தட்டற மாதிரி ஏதாவது பண்ணிக் குடு. உங்கக்கா கேட்டா உன் வேலைன்னு சொல்லிடு. அவ உன்னைத் திட்டிட்டுப் போயிடுவா' அப்படின்னார்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

தம்பி மறுபடி காதைத் தடவிக்கொண்டான்.

"போகலை. பெட்டிக்கு டாக்டர் பார்த்தாச்சு. மனுஷனுக்குப் பார்க்கலை." டீச்சரின் குரல் மாடிக்கே கேட்டது. "பெட்டியில ஒரு நூல் புகை வந்தா வீட்டையே ரெண்டாக்கறீங்க. உடம்பு ஆடினா அதுக்கு ஒரு கீபோர்டை மாட்டி மூடிட்டீங்க! இதுல உனக்கு லைசென்ஸ் வேற, அவருக்கு லைசென்ஸ் வேற!"

லிஃப்ட்காரர் மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கி ஓடவும் வழியில்லை, திரும்பி ஏறவும் வழியில்லை.

"இறங்கி வாங்க" என்றாள் டீச்சர். "பாக்கெட்டுல இருந்து கையை எடுங்க."

எடுத்தார். நீட்டினார். விரல்கள் தாமாக ஆடின. பெரிய ஆட்டம் இல்லை. யாரோ கதவை மெல்லத் தட்டுவதுபோல் ஒரே சீரான நடுக்கம். டீச்சர் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் கைக்குள்ளும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"உன்கிட்ட சொன்னா புதன்கிழமை அவகிட்ட சொல்லிடுவே."

"சொன்னா என்ன?"

"சொன்னா அவ வந்துடுவா" என்றார் லிஃப்ட்காரர். "வேலையை விட்டுட்டு வந்துடுவா. அன்னிக்கு அந்த ஆபீசருக்குப் போன் போட்டது தப்புன்னு எனக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. இந்த நேரத்துல போய் கையைக் காட்டினா, அப்ப போன்ல முடியலை, இப்ப நோயைக் காட்டி இழுக்கறான்னு ஆகிடும். அவளா சொல்ல மாட்டா. ஆனா எனக்கே அப்படித் தோணும்."

 இந்த மனுஷருக்கு நல்லது செய்யக்கூட நேர்வழி தெரியாதா? கெடுதல் பண்ணினபோதும் திருட்டுத்தனம், திருந்தினபோதும் திருட்டுத்தனம்.

"சரி, உங்க தியாகத்துக்கு என்ன பலன் கிடைச்சுது? ரெண்டு புள்ளி வந்துக்கிட்டிருந்தது, அதுவும் போச்சு."

"அதுதான் ஏன்னு புரியலை" என்றார் அவர் பரிதாபமாக. "மெஷின் தப்பே பண்ணலை."

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டான். "அத்தான், தப்பே பண்ணலைங்கறதுதான் தப்பு. கை அவ்வளவு சுத்தமா இருந்தா அவ யாருன்னு நெனைப்பா? நீங்கன்னா நெனைப்பா? உங்க பேர்ல நான் உக்காந்து அனுப்பறேன்னு நெனைச்சிருப்பா. உங்களுக்குன்னு வைக்கிற புள்ளியை எனக்கு ஏன் வைப்பா? அப்பா ஏன் அனுப்பலை, அவருக்கு என்ன ஆச்சுன்னு மூணு நாளா அங்க தவிச்சுக்கிட்டிருக்காளோ என்னவோ."

 தீவுக்கு இவர்கள் போன் போட முடியாது. அந்த லைன் அலுவலக அவசரத்துக்கு மட்டும்தான். பெண் கூப்பிட வேண்டுமென்றால் புதன்கிழமை வர வேண்டும். மாதப் படகோ இன்றைக்குத் தீவுக்கு வந்து, நாளைக் காலையில் கிளம்பிவிடும்; தவிப்பில் அவள் அதில் ஏறினாலும் ஏறிவிடுவாள்.

"சாயந்திரம் ரீடிங் எடுத்து முடிச்சதும் அவ ரேடியோவைப் போடுவா" என்றான் தம்பி. "அப்பதான் ஒரு அரை மணி நேரம் கிடைக்கும். பொழுது இறங்கிட்டா நம்ம அலை அவளைத் தாண்டி எங்கேயோ போய் விழும். தூரத்து ஸ்டேஷன் எல்லாம் வந்து நடுவுல உக்காந்துக்கும்."

"அந்தக் கீபோர்டைக் கழட்டுடா" என்றாள் டீச்சர்.

மத்தியானம் முழுக்க அந்த வேலை நடந்தது. கழற்றுவது சுலபம் என்று தம்பி சொன்னான். மாட்டும்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பான். கீபோர்டின் சர்க்யூட்டை எடுத்துவிட்டுப் பழைய வயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பழைய வயர் எங்கே என்று தேடினால், அதைத் தம்பி குப்பையில் போட்டிருந்தான். வேறு வயர் வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். பற்றவைக்கும் வேலை எப்போதும் லிஃப்ட்காரருடையது. இன்றைக்கு அவர் வயரை மட்டும் பிடித்துக்கொண்டார். "புதுக் கண்டன்சர், ப்யூஸ், பச்சை ஜன்னல் எல்லாம் இருக்கட்டும்" என்று அவரே சொன்னார். "அதெல்லாம் நல்ல வேலைதான் மாப்ளே." இந்த வீட்டில் தம்பிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. வந்த நேரம்தான் சரியில்லை.

சாயங்காலம் பெட்டியைப் போட்டார்கள். வால்வுகள் செம்மஞ்சளாகச் சூடேறுகிறவரை மூன்று பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடான தூசி வாசனை கூடத்தில் பரவியது. பனியனைப் பிரித்து, பித்தளைக் கட்டையை மேஜையில் வைத்தாள் டீச்சர்.

லிஃப்ட்காரர் கையை வைத்தார். எடுத்தார். துடைத்துக்கொண்டார்.

"கேவலமா இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்."

"அவளுக்கு இந்தக் கட்டையைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்."

"அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. அனுப்புங்க."

அனுப்பினார். டீச்சருக்கு மோர்ஸ் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் சமையலறையிலிருந்து கேட்ட சத்தம் அவளுக்குப் பழக்கம். இது அந்தச் சத்தம் இல்லை. தடுக்கியது, ஒரே இடத்தில் இரண்டு தடவை விழுந்தது, நின்று மறுபடி ஆரம்பித்தது. அவர் நெற்றியில் வியர்த்தது. மூன்று நாளாகப் பிசிறில்லாமல் ஓடின மெஷின் சத்தத்தை விட இது நூறு மடங்கு அசிங்கமாக இருந்தது. டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முடித்துவிட்டுக் கையைக் கட்டையிலிருந்து எடுத்தார். இரைச்சல்.

பிறகு, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, மெல்லியதாக ஒன்று கிளம்பியது.

இரண்டு புள்ளியோடு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. வேகமாக, கோபமாக, மூச்சு விடாமல். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது நின்றதும், "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறா" என்றார்.

"எனக்கு மோர்ஸ்தான் தெரியாது, காது கேக்கும்" என்றாள் டீச்சர். "அவ்வளவு நீளத்துக்கு நல்லா இருக்கீங்களான்னு எந்த ஊர்ல கேக்கறாங்க? நீ சொல்லுடா."

தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "'மூணு நாளா மாமா அனுப்பினார். இப்பத்தான் நீங்க. இருக்கீங்களா இல்லையான்னே தெரியாம இருந்தேன். கை ஏன் இப்படி இருக்கு? மறைக்காதீங்க. நாளைக்குப் படகுல நான் கிளம்பி வர்றேன் அப்பா'ன்னு சொல்றாக்கா."

அப்பா என்ற சொல்லை மாதக்கணக்கில் அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அழுகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் எங்கோ தூரத்து ஸ்டேஷன் ஒன்று கீச்சுக் கீச்சென்று தலைகாட்டியது.

"சீக்கிரம் அத்தான்" என்றான் தம்பி. "அலை போகுது."

லிஃப்ட்காரர் கட்டையில் கையை வைத்தார். இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை. நடுங்குகிற கையை நடுங்கவிட்டே தட்டினார். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தவன், பாதியில் வாயைப் பிளந்தான்.

"என்னடா அனுப்பறார்?"

தம்பி இரு என்று கையைக் காட்டினான்.

"என்னடா?"

"'கை நடுங்குது. நாளைக்கு டாக்டரைப் பார்க்கறேன். நீ வராதே. உன் வேலையைப் பாரு. அன்னிக்கு நான் போன் பண்ணது தப்பு'ன்னு அனுப்பறார்க்கா. 'வராதே'ங்கறதை மட்டும் ரெண்டு தடவை."

டீச்சர் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.  "ஏங்க! வா வான்னு அவளோட ஆபீசர் கால்ல போய் விழுந்தீங்க. இன்னிக்கு அவளே வர்றேங்கறா, வராதேங்கறீங்க! உங்களோட குடும்பம் நடத்தறதுக்கு இந்தப் பெட்டியோட நடத்தலாம்! பொண்ணு முகத்தைப் பார்த்து வருஷம் ஆகப்போகுது எனக்கு!"

"அவ வேலை அது" என்றார் லிஃப்ட்காரர்.  திருகைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பதிலைத் தேடினார்.

தூரத்து ஸ்டேஷன் இப்போது நன்றாக உட்கார்ந்துவிட்டது. புரியாத மொழியில் யாரோ வாய் ஓயாமல் பேசினார்கள். அதற்கு அடியில் தீவு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தம்பி பச்சை எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"கடைசியில நீங்க அனுப்பினது அவளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு தெரியலை அத்தான். பாதி போயிருக்கலாம். எந்தப் பாதின்னு தெரியாது."

கை நடுங்குது என்பது மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால், பெண் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். முழுதும் போய்ச் சேர்ந்திருந்தால், அப்பா முதன்முறையாகத் தன் தப்பை ஒப்புக்கொண்டதை அவள் கேட்டிருப்பாள். ஒருவேளை அப்பா சொல்கிறபடி அங்கேயே இருந்துவிடுவாள்.

எது போயிருக்க வேண்டும் என்று டீச்சர் தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்று, மறு நிமிஷம் இன்னொன்று. பெற்றவளுக்கு இதில் கூடவா முடிவு தெரியாது என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கார்ச் சாவியை எடுத்தாள்.

"எந்திரிங்க. நாளைக்கு டாக்டர்னு அவகிட்டத்தானே சொன்னீங்க, என்கிட்ட இல்லையே. இப்பவே போறோம்."